மூன்று வருட ஆய்வு, முப்பது வருடக் குப்பை

என் அக்கா மகன் பொறியியல் கடைசி வருடம் படித்தபோது, மாதத்தில் இரண்டு நாள் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். அக்காவின் உத்தரவு அது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போய், பிளாஸ்டிக் கேன்களில் கறுப்புத் தண்ணீர் பிடித்து வருவது அவனுடைய ஆய்வின் முதல் படி. பார்க்கக் கடுங்கோப்பி மாதிரி இருக்கும். வாடையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

ஒருநாள் என் அப்பா அவனிடம் கேட்டார்: "இந்தத் தண்ணிய வச்சி என்னடா செய்வீங்க?"

"மருந்து போட்டு அழுக்கைத் தனியா உறைய வைப்போம் தாத்தா."

"பாலுக்கு ஆசிட் ஊத்துற மாதிரியா?"

அதே மாதிரிதான். முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவருக்கு அந்த ஆய்வுக்கூடத்தின் பாதி வேதியியல் முன்பே தெரிந்திருந்தது. அதை அமிலம், மின்னூட்டம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு என்றதும் தீவும் பாலமும்தான் பலருக்கு நினைவில் வரும். மாநிலத்தின் பாதிக்கு மேல் பெருநிலத்தில் இருக்கிறது. அதன் தென்கோடியில், கெடாவும் பேராக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் நிபோங் திபால். பூலாவ் பூரோங் குப்பைமேடும் இங்கேதான். 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின், அதாவது யூஎஸ்எம்மின், தலைமை வளாகம் தீவில் இருக்கிறது. பொறியியல் வளாகம் மட்டும் பேராக்கில் இருந்து 2001-இல் இங்கே இடம் மாறி வந்தது. ஏறக்குறைய 320 ஏக்கர், தட்டையான நிலம். அதற்கு முன் அது செம்பனைத் தோட்டம். இன்று விரிவுரைக்கூடம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் குலை வெட்டிய ஆட்களின் பிள்ளைகள் இன்னும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழக ஆய்வு என்றால் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு கண்டுபிடிப்பு, ஒரு தங்கப் பதக்கம், துணை வேந்தரோடு ஒரு புகைப்படம். எனக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் அக்கறை. ஆய்வுக்கூடத்தில் ஜெயித்த சில வேலைகள் ஊருக்குள் வந்துவிடுகின்றன, சில வரவே இல்லை. ஏன்? இந்த வளாகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாலே இரண்டுக்கும் உதாரணம் கிடைக்கிறது.

முதலில் குப்பைச் சாறு. லீச்சேட் என்று சொல்வார்கள். நம் நாட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி சோறும் கறியும் பழத்தோலுமாக ஈரக் கழிவு. அதன் மேல் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேலான மழை. மேட்டுக்குள் இறங்கும் தண்ணீர், வழியில் கரைவதை எல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் கசிந்து வருகிறது. குப்பை புதிதாக இருக்கும்போது அந்தச் சாற்றில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய சத்து நிறைய இருக்கும். அதனால் பாக்டீரியாவை வைத்தே பாதிச் சுத்தம் செய்துவிடலாம். வருடம் ஆக ஆக, தின்னக்கூடியதை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு எலும்பை மட்டும் போட்டுவிட்டுப் போன மாதிரி, எதற்கும் அசையாத பழுப்புப் பொருள்கள் எஞ்சும். இலை மட்கி மண்ணாகும்போது வரும் ஹியூமிக் அமிலங்கள் அவை. பூலாவ் பூரோங் அப்படி வயதான மேடு. 1991 முதல் முறைப்படுத்தப்பட்ட குப்பைக் கிடங்காக இயங்கி, 2001-இல் மேலும் ஒரு படி தரம் உயர்த்தப்பட்டது. யூஎஸ்எம் சிவில் பொறியியல் ஆய்வாளர்கள் இந்தச் சாற்றைப் பற்றி எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் அதுவே ஒரு சின்ன மேடாகும்.

இனி அப்பாவின் ஆசிட்டுக்கு வருகிறேன். ரப்பர் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான ரப்பர் துகள்கள். ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது. மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் சேர்ந்த பாலை வெயில் ஏறுவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டு போகாவிட்டால், பாக்டீரியா அதில் அமிலத்தை உண்டாக்கி, துகள்களின் மின்னூட்டத்தைக் கெடுத்துக் கட்டிப்பாலாக்கிவிடும். அதைத் தள்ளிப்போட அமோனியா ஊற்றுவார்கள். வேண்டுமென்றே உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். பால் நிறைந்த காண்டா வாளி சுமந்த யாருக்கும் இது தெரியும்.

குப்பைச் சாற்றில் இருக்கும் பழுப்புத் துகள்களுக்கும் அதே எதிர் மின்னூட்டம், அதே தள்ளுமுள்ளு. அதில் ஃபெரிக் குளோரைடு அல்லது படிகாரம் போட்டால், உலோகத்தின் நேர் மின்னூட்டம் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கும். துகள்கள் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் உட்காரும். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஆறு குவளைகள், ஆறு துடுப்புகள் உள்ள ஒரு கருவி வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் வேகமாகக் கலக்கு, அப்புறம் மெதுவாகக் கலக்கு, அப்புறம் சும்மா விடு. அரைமணி நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், கீழே சேறு. பார்க்கும்போது மந்திரம் மாதிரிதான் இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு கிளைக்கதை. இரும்பு, அலுமினிய உப்புகளுக்குப் பதிலாகவோ துணையாகவோ செடி கொடிகளை வைத்துப் பார்க்கலாமே என்று இங்குள்ள ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். செம்பனைத் தண்டின் மாவு, லோங்கான் பழக் கொட்டை, செம்பருத்தி இலைச் சாறு. ஆமாம், நாட்டின் தேசிய மலரான அதே செம்பருத்தி. நம் வீட்டுப் பெண்கள் அந்த இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்க்கும்போது வரும் வழவழப்பை நினைத்துப் பாருங்கள். அந்த வழவழப்புக்குள் இருக்கும் நீளமான மூலக்கூறுகள் துகள்களைக் கயிறு போட்டு இழுத்த மாதிரி சேர்த்துக் கட்டுகின்றன. இதை வாசித்ததும் எனக்குத் தேற்றாங்கொட்டை ஞாபகம் வந்தது. கலங்கிய தண்ணீர் இருக்கும் மண்பானையின் உள்ளே அந்தக் கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பது நம் முன்னோர் வழக்கம். தமிழில் கலங்கிய நீரையும் 'தேற்று'கிறோம், கலங்கிய மனதையும் 'தேற்று'கிறோம்.

ஆனால் செம்பருத்தி செய்தியைப் படித்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நிறம் போவது கண்ணுக்குத் தெரியும் வெற்றி. கண்ணுக்குத் தெரியாத பெரிய எதிரி அமோனியா. அது துகளாக மிதப்பதில்லை, சர்க்கரை கரைந்த மாதிரி முழுதாகக் கரைந்து கிடக்கிறது. எத்தனை மருந்து போட்டு உறைய வைத்தாலும் அதில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அப்பா பாலில் ஊற்றிய அதே அமோனியா! வயதான குப்பைச் சாற்றில் ஒரு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். குப்பைக் கிடங்குகளுக்கான 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள், வெளியே விடும் தண்ணீரில் அமோனியா நைட்ரஜன் 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கின்றன. ஆயிரத்தை ஐந்தாக்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் எத்தனையோ முனைவர் பட்டங்கள் இருக்கின்றன.

இந்த எண் வெறும் சட்டப் பிடிவாதம் இல்லை. அமோனியா மீனுக்கு நஞ்சு. ஆற்றில் அது கூடினால், குடிநீர் நிலையத்தில் போடும் குளோரினை அது பிடித்து இழுத்துக்கொள்ளும். கிருமியைக் கொல்லக் குளோரின் மிஞ்சாது. சிலாங்கூரிலும் ஜொகூரிலும் ஆற்றில் அமோனியா ஏறியதால் சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, வீடுகளில் வாளியோடு காத்திருந்த நாட்கள் உண்டு. நிபோங் திபாலின் கிரியான் ஆற்றோரம் இரவில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு ஏறுகிறவர்களும் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அமோனியாவை எடுக்க வழி இல்லாமலில்லை. காரத்தன்மையைக் கூட்டிக் காற்றை ஊதினால் அது வாயுவாக வெளியேறும். ஆனால் அதைப் பிடித்து வைக்காவிட்டால் தண்ணீரில் இருந்த பிரச்சினை காற்றுக்கு மாறுகிறது. ஜியோலைட் என்ற கனிமத்தால் பிடித்து வைக்கலாம். சுண்ணாம்புக்கல்லும் கரியும் கலந்த வடிகட்டியையும் யூஎஸ்எம்மில் சோதித்திருக்கிறார்கள். பாக்டீரியாவை வைத்து முதலில் நைட்ரேட்டாகவும் பிறகு வெறும் நைட்ரஜனாகவும் மாற்றலாம். அது மெதுவான வழி, ஆனால் நம்பகமானது. ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், மருந்து, ஆள், இடம் என்று செலவு. அதோடு உறைய வைத்த சேறு இருக்கிறதே, அதை எங்கே போடுவது? யோசித்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பெரும்பாலும் இன்னொரு குப்பைக் கிடங்குக்கு.

மேட்டுக்கு உள்ளேயே வேலை செய்யும் ஒரு வழியும் இருக்கிறது. ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவானது. பூலாவ் பூரோங்கும் அந்த வழியில் வந்ததுதான். சாறு வடியும் அடிக்குழாயைப் பெரிதாகப் போட்டு, அதன் வாயைக் காற்றுக்குத் திறந்து விடுவார்கள். குப்பை மட்கும்போது உள்ளே சூடாகிறது. சூடான காற்று மேலே போகும், அந்த இழுப்பில் குழாய் வழியாக வெளிக்காற்று தானாக உள்ளே நுழையும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். காற்று கிடைத்த இடத்தில் குப்பை சீக்கிரம் மட்கும், மீத்தேன் குறையும், சாறும் கொஞ்சம் சாதுவாகும். ஒரு பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பு ஊர் ஊராகப் பரவியதற்கு இது அழகான உதாரணம். அது பரவியதற்குக் காரணம் என் கணிப்பில் எளிமைதான். குழாயும் கல்லும் இருந்தால் போதும்.

இருந்தும் குப்பைமேடு குப்பைமேடுதான். 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. குப்பைத் தீ மேலே தண்ணீர் ஊற்றினால் அணைகிற தீ இல்லை. உள்ளுக்குள் தணலாகப் போய் வேறு இடத்தில் தலை காட்டும். எங்கள் வீட்டில் அந்த வாரம் ஜன்னல் திறக்கவே இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அடிப்படை ஆய்வுக்கு உயர்கல்வி அமைச்சு தரும் மானியத்தின் காலம் இரண்டிலிருந்து மூன்று வருடம். அதற்குள் மாணவர் பட்டம் பெற வேண்டும், கட்டுரை வெளியாக வேண்டும், கணக்கு முடிக்க வேண்டும். குப்பைமேடு மூடப்பட்ட பிறகும் சாறு இருபது முப்பது வருடம் கசியும். அடுத்த மானியம் வேறு தலைப்பில் வரும், ஏனென்றால் பழைய தலைப்பு பழையதாகிவிட்டது. நான் ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய கடிகாரமும் குப்பையின் கடிகாரமும் வேறு வேறு.

கடிகாரம் ஒத்துப்போன கதையும் நம்மிடம் உண்டு. அது செம்பனை. ஒரு டன் சுத்திகரிக்காத எண்ணெய் எடுத்தால் அதோடு இரண்டரை டன்னுக்கு மேல் கொழுத்த கழிவு நீர் வரும். 1970-களில் அது நேராக ஆற்றுக்குப் போனது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1977-இல் செம்பனை ஆலைகளுக்கான விதி. அந்த விதியின் சாமர்த்தியம் எங்கே என்றால், ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்காமல் படிப்படியாக இறுக்கியதில். சுத்திகரிக்காத கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன், அதாவது பிஓடி, லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம். வெளியே விடுவதற்கான வரம்பு 1978-இல் 5,000 ஆக இருந்தது. பிறகு 2,000, 1,000, 500, 250 என்று இறங்கி 1984-இல் 100-க்கு வந்து நின்றது. அடுத்த வருடம் எந்த எண் வரும் என்று ஆலைக்காரருக்குத் தெரியும். அதனால் பதில் வைத்திருந்த ஆய்வாளருக்கு வாசலிலேயே வாடிக்கையாளர் காத்திருந்தார். காற்றில்லாக் குளங்களை வரிசையாக வெட்டி நுண்ணுயிர்களை வேலை வாங்கும் முறை ஆலைக்கு ஆலை பரவியது அப்படித்தான். அந்தக் குளங்களின் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுப்பது அடுத்த அத்தியாயம்.

கையுறையும் அப்படியே. 2020 வாக்கில் உலகத்தின் ரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவில் செய்தவையாக இருந்தன. ரப்பர் பாலில் இருக்கும் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தந்தது. உள்ளே தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பியது. அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவுக் கையுறையைத் தடை செய்தது. அதற்கு வெகு முன்பே, புரதத்தைக் கழுவி எடுப்பது, குளோரினால் பதப்படுத்துவது, செயற்கை நைட்ரைல் என்று ஆய்வுகள் தொழிற்சாலைக்குள் போய்விட்டன. வாங்குகிறவர் கேட்டார், கொடுத்தார்கள். சவ்வரிசி மாவு கலந்து மண்ணில் சீக்கிரம் மட்கும் கையுறைக்கும் யூஎஸ்எம்மில் ஆய்வு நடந்திருக்கிறது. அதை இன்னும் யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை.

குப்பைச் சாற்றுக்கு 2009-இல் சட்டம் வந்தது, சரி. ஆனால் பணம் யார் தருவார்? வாழைப்பழத் தோலைத் தூக்கிப் போட்ட எனக்கு லீச்சேட் பில் வருவதில்லை.

வளாகத்துக்குள் வேறு ஒரு ஆய்வு இருக்கிறது. அதை நான் நடந்தே பார்த்திருக்கிறேன். வெள்ளத்துக்கான ஆய்வு. நம் ஊர்ப் பழக்கம், வீட்டு முன்னால் காங்கிரீட் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், வெட்டி மழைத் தண்ணீரைச் சீக்கிரம் துரத்துவது. எல்லாரும் ஒரே நேரத்தில் துரத்தினால் தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் ஆற்றுக்குப் போய்ச் சேரும், கீழே இருப்பவர் வீட்டில் ஏறும். 2001-இல் நீர்ப்பாசன, வடிகால் துறை கொண்டு வந்த மஸ்மா என்ற வடிகால் கையேடு இதைத் தலைகீழாக்கியது: விழுந்த இடத்திலேயே நிறுத்து, உறிஞ்ச விடு, மெதுவாக அனுப்பு. அதே வருடம் வளாகத்தில் ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையமான ரெடாக் தொடங்கியது. துறையும் மையமும் சேர்ந்து வளாகம் முழுவதையும் முன்னோடித் திட்டமாக்கின. பயோஇகோட்ஸ் என்று அதற்குப் பெயர்.

பார்த்தால் ஒன்றுமே தெரியாது. லேசாகக் குழிந்த புல்தரை, அவ்வளவுதான். புல்லுக்குக் கீழே மணலும், துணியால் சுற்றிய உள்ளீடற்ற பிளாஸ்டிக் பெட்டிகளும் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. மழை புல்லின் வழியாக வடிகட்டப்பட்டு அந்தப் பெட்டிகளுக்குள் இறங்கி, அங்கே மெதுவாக நகரும். பெருமழை என்றால் மிஞ்சியது மேலே புல்வாய்க்காலிலேயே ஓடி, வறண்ட குளம் என்ற பள்ளத்தில் நிற்கும். மழை இல்லாத நாளில் அது விளையாட்டுத் திடல் மாதிரி இருக்கும். அப்புறம் நிரந்தரக் குளங்கள், நீர்ச்செடிகள் வளர்ந்த சதுப்பு. இவற்றைக் கடந்துதான் வெளியே போகும்.

இங்கே ஒரு எண் முக்கியம். வறண்ட குளம் ஒரு நாளுக்குள் வடிந்துவிட வேண்டும் என்று வடிவமைக்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமாவது வேண்டும். ஆக, வெள்ளத்துக்குப் போட்ட கணக்கு டிங்கிக்கும் பொருந்துகிறது. தப்பினால்? துணி அடைத்துக்கொண்டாலோ, கனமான வண்டி ஏறி மண் இறுகினாலோ, புல் வெட்டுகிறவர் வெட்டிய புல்லை அங்கேயே விட்டுப் போனாலோ, தண்ணீர் தேங்கும். இந்தப் பொறியியல் நிலைப்பது புல்வெட்டும் குத்தகைக்காரர் கையில் இருக்கிறது என்றால் சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கோலாலம்பூர் இதே பிரச்சினைக்கு வேறு பதில் சொன்னது. 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர். சாதாரண நாளில் நடுப்பகுதியில் கார் ஓடும், பெருவெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு ஆற்றை உள்ளே விடுவார்கள். கட்டி முடிந்த நகரத்தில் புல்லுக்கு இடம் ஏது? பினாங்கிலும் கட்டி முடிந்த இடங்களே அதிகம். 2017 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய மழையில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த மாதிரி மழைக்குப் புல்வாய்க்கால் மட்டும் ஈடுகொடுக்கும் என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு தாமானும், அதாவது குடியிருப்பும், தன் பங்குத் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், அடுத்த பெருமழையில் ஆற்றுக்கு அந்த அளவு சுமை குறையும். மஸ்மா கேட்பது அதைத்தான். அனுமதி வேண்டுமென்றால் செய்தாக வேண்டும் என்பதால்தான் புல்வாய்க்கால் வளாகத்தைத் தாண்டி வெளியே வந்தது.

அக்கா மகனின் ஆய்வு நல்லபடியாகத்தான் முடிந்தது. நிறம் பெரும்பாலும் போய்விட்டது, அமோனியா அப்படியே நின்றது. நிபோங் திபாலில் பொறியியல் படித்த நிறையப் பிள்ளைகள் மாதிரி அவனும் பட்டம் வாங்கிய கையோடு பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்குப் போய்விட்டான். 1972-இல் இன்டெல் வந்து கடை விரித்ததில் இருந்து அந்தத் தொழிற்பேட்டை இப்படி ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. முதுகலை உதவித்தொகையையும் சிப் தொழிற்சாலைச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவனைத் திட்ட மனம் வராது.

ஆய்வுக்கூடத்தில் அவன் விட்டுப் போன மேசையில் இப்போது ஒரு மாணவி இருக்கிறாளாம். சித்தியவானில் இருந்து வந்திருக்கிற தமிழ்ப் பெண். போன மாதம் அவனைப் போனில் கூப்பிட்டு, சாற்றைக் குளிர்பெட்டியில் எத்தனை நாள் வைத்தால் அளவு மாறாமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறாள். மேட்டுக்குப் போய் முதல் கேனை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாளாம். மழைக்காலம் என்பதால் நிறம் கொஞ்சம் வெளிறி இருந்ததாம்.